பாட்டும் எழுதி, படமும் வரைந்து, மேடையும் ஏறுபவர்களுக்கு: பெங்களூருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் தமிழில் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடி வருகிறேன். ஓவியமும் நாடகமும் என் தொழிலின் மற்ற இரு பகுதிகள். நிகழ்ச்சி முடிந்து கருவிகளைக் கட்டிவைக்கும் நேரத்தில் இளையவர்கள் வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்களாக இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி விடைகளைத் தொகுத்திருக்கிறேன். உரிமை பற்றிய விடைகள் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் அதன் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் ஒட்டியவை. பெரிய தொகை புழங்கும் ஒப்பந்தம் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

தனியிசைக் கலைஞர்னா யாரு? சினிமால பாடாதவங்க எல்லாருமா?

திரைப்படத்துக்காகவோ ஓர் இசை நிறுவனத்தின் உத்தரவின் பேரிலோ அல்லாமல், எதைப் பாட வேண்டும், எப்போது வெளியிட வேண்டும், யாருடன் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்து, அதற்கான செலவையும் தாமே சுமப்பவரைத் தனியிசைக் கலைஞர் என்கிறோம். அவர் திரைப்படத்தில் பாடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இந்நகரில் வாழும் பாடகி பிந்துமாலினி கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் பயின்றவர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் வரைகலை படித்தவர். தம் போக்கில் கபீரையும் பிற பக்திக் கவிகளையும் பாடி வருபவர். 66-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருதை அவர் ஒரு கன்னடப் படப் பாடலுக்காகப் பெற்றார். அந்த விருதால் அவருடைய தனிப்பாதை மாறிவிடவில்லை.

பாட்டு, ஓவியம், நாடகம்னு எல்லாத்துலயும் கை வெச்சா எதுலயும் தேற முடியாதுன்னு வீட்ல சொல்றாங்க. உண்மையா?

வீட்டார் அஞ்சுவது நியாயம்தான். ஒன்றில் தடை வரும்போதெல்லாம் இன்னொன்றுக்குத் தாவுபவர் எதிலும் தேறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கலையையும் தனித் தொழிலாக மதித்து, அதற்குரிய பயிற்சியையும் நேரத்தையும் கொடுப்பவருக்கு இது பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள். மாதவி ஆடப்போவது ஒரே மேடையில்தான். ஆனாலும் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழல் ஊதுபவன், யாழ் இசைப்பவன் என்று ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியாகச் சொல்கிறார். அந்தப் பணிகளில் மூன்றையோ நான்கையோ ஒரே ஆள் செய்யத் துணிந்தால், அத்தனை தகுதிகளும் அவருக்கு வேண்டும்; ஒன்றில் உள்ள திறமை மற்றொன்றின் குறையை ஈடுகட்டாது.

முன்னோடிகளுக்குக் குறைவில்லை. பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்தவர்; 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரங்கள் வெளியிட்டுத் தமிழ் இதழியலுக்கு அந்தக் கலையை அறிமுகம் செய்தவர். தாகூர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். 1861-இல் பிறந்த அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி 1930-இல்தான் பாரிஸில் நடந்தது. நம் மாநிலத்துப் பாடகர் ரகு தீட்சித் நுண்ணுயிரியல் படித்தவர், பரதநாட்டியமும் முறையாகப் பயின்றவர். எம்.டி. பல்லவி கன்னட மெல்லிசையிலும் நாடக மேடையிலும் ஒருசேர அறியப்பட்டவர். வீட்டில் பேசும்போது இவர்களைச் சொல்லுங்கள்.

முறையா சங்கீதம் கத்துக்காம பாட்டு எழுதிப் பாடலாமா?

எழுதலாம், பாடவும் செய்யலாம். ஆனால் தாளத்தில் நிற்கவும், சுருதி விலகுவதைத் தம் காதாலேயே கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஓர் ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்பதுதான் விரைவான வழி. கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் அலங்காரங்களும் வரை கற்றால்கூடப் பெரிய பயன் உண்டு. ஏழு தாளங்களில் அலங்காரம் பாடிப் பழகியவருக்கு, தான் எழுதிய வரி எந்த இடத்தில் தாளத்தை மீறுகிறது என்பது சொல்லித் தராமலே தெரியும்.

வரி முதல்ல எழுதணுமா, மெட்டு முதல்ல போடணுமா?

இரண்டு வழியும் நடைமுறையில் உண்டு. எந்த வழியில் தொடங்கினாலும் தமிழில் ஒரு சோதனையைத் தவிர்க்க முடியாது: குறில் எங்கே விழுகிறது, நெடில் எங்கே விழுகிறது என்பது. மெட்டில் நீண்டு நிற்கும் ஸ்வரத்தின் மேல் குறில் எழுத்து வந்து உட்கார்ந்தால், பாடும்போது அது நெடிலாகிவிடும். 'மலை மேலே' என்று எழுதி, முதல் எழுத்தை இரண்டு தாள எண்ணிக்கைக்கு இழுத்துப் பாடிப் பாருங்கள்; கேட்பவர் காதில் 'மாலை மேலே' என்றுதான் விழும். மலை போய் அந்திப் பொழுது வந்துவிடும், பாட்டின் பொருளே கெட்டுவிடும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. மெட்டை மாற்றி முதல் ஸ்வரத்தைக் குறுக்கலாம். சொல்லை மாற்றி அந்த இடத்தில் நெடிலில் தொடங்கும் சொல்லை வைக்கலாம். ஆனால் பேச்சுத்தமிழில் ஓடும் பாட்டில் 'கடல்' பொருந்தவில்லை என்பதற்காக 'ஆழி' என்று போட்டால் அந்த ஒரு சொல் மட்டும் செய்யுளாக நிற்கும். மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: சொல்லை வைத்துக்கொண்டே நீட்டத்தை வேறிடத்துக்கு நகர்த்துவது. 'மலையோரம்' என்று எழுதினால் 'மலை' என்பதைச் சட்டென்று பாடிவிட்டு, இழுப்பை 'யோ' மேல் ஏற்றலாம். மெட்டும் பிழைக்கும், சொல்லும் பிழைக்கும்.

உச்ச ஸ்தாயியில் நிறுத்தும் எழுத்தையும் கவனியுங்கள். ஆகாரமும் ஓகாரமும் தொண்டையைத் திறக்கின்றன. ஈகாரம் பலருக்கும் குரலை நெருக்கும். 'ம்' என்று முடியும் சொல்லில் வாய் மூடிவிடுவதால் ஒலி மூக்கு வழியே மட்டும் வரும். மற்றவர் பாடுவதற்காக எழுதும்போது இவற்றை நாம் மறந்துவிடுகிறோம். நாமே பாடும்போது முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். எழுதுபவரும் பாடுபவரும் ஒருவராக இருப்பதன் உண்மையான வசதி இதுவே.

மனசுல ஒரு விஷயம் தோணுது. அது பாட்டாகணுமா, படமாகணுமா, நாடகமாகணுமான்னு எப்படி முடிவு பண்றது?

எனக்கு உதவும் கேள்வி ஒன்றே: இதைக் காட்டாமல் சொல்ல முடியுமா, சொல்லாமல் காட்ட முடியுமா? அல்சூர் ஏரியில் மாலை வெயில் படும்போது நீரின் நிறம் மாறுவதை மூன்று சரணம் எழுதி விளக்குவதைவிட ஒரு நீர்வண்ணப் படம் நன்றாகச் செய்துவிடும். அந்த ஏரிக்கரையில் பல ஆண்டுகள் கடை வைத்திருந்தவர் கடையைக் காலி செய்யும்போது மனைவியிடம் சொன்ன ஒரு வாக்கியம் பாட்டின் பல்லவியாகலாம். அந்தக் கடைக்காரரும் கட்டட உரிமையாளரும் ஒருவரையொருவர் விடாமல் வாதாடுவது நாடகத்துக்குரியது. ஏனென்றால் பாட்டில் பெரும்பாலும் ஒரு குரல்தான் நியாயம் பேச முடியும்.

தன் வலுவான கலையை ஒதுக்கி வைக்கும் துணிவும் சில நேரங்களில் தேவைப்படும். வீணை எஸ். பாலச்சந்தர் நாடறிந்த வைணிகர். அவர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்' பாடலே இல்லாத தமிழ்ப் படம். அந்தக் கதைக்குப் பாட்டு வேண்டியதில்லை என்று ஓர் இசைக்கலைஞரே முடிவெடுத்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பெங்களூருல தமிழ்ப் பாட்டக் கேக்க யார் வருவாங்க?

அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வேலைக்காக வந்தவர்கள் வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நிறையப் பேர். ஆனால் இந்த நகரில் தமிழர் மட்டுமே நிறைந்த அவையை எதிர்பார்ப்பது சரியாக இருக்காது. கன்னடத்தில் கவிஞர்களின் கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பாடும் பாவகீத மரபு வலுவாக வேரூன்றியிருக்கிறது, சி. அஷ்வத்தும் மைசூர் அனந்தசாமியும் அதை வீடுதோறும் கொண்டுபோனவர்கள். கவிதையைப் பாட்டாகக் கேட்டுப் பழகிய அந்தச் செவிகள் தமிழ்ப் பாட்டுக்கும் திறந்தே இருக்கின்றன.

நம் பங்குக்கு நாமும் சிலவற்றைச் செய்ய வேண்டும். அவையை முதலில் கன்னடத்தில் வணங்குங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் கருத்தை இரண்டே வாக்கியங்களில் கன்னடத்தில் சொல்லுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். கன்னடம் சரளமாக வராவிட்டால், பேச வேண்டியதை எழுதி, கன்னடம் தெரிந்த நண்பரிடம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு பேசுங்கள். இதை நம் மொழிக்குக் குறைவு என்று நினைக்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாழும் ஊரின் மொழியை மதிப்பவரின் தாய்மொழிப் பாட்டுக்கு அந்த ஊரில் கூடுதல் கவனம் கிடைப்பதை நேரில் பார்த்து வருகிறேன்.

சரி, எங்கெல்லாம் பாடலாம்?

செய்வது என்ன என்பதைப் பொறுத்து இடம் மாறும். கதையும் நடிப்பும் கலந்த நிகழ்ச்சி என்றால் ஜே.பி. நகரின் ரங்க சங்கரா. நாடகக் கலைஞர் அருந்ததி நாகின் முயற்சியில் 2004-இல் திறக்கப்பட்ட இந்த அரங்கம் பல மொழி நாடகங்களுக்கும் இடம் தருகிறது. குறித்த நேரத்துக்குப் பின் வருபவரை உள்ளே விடாத அதன் ஒழுங்கு, மெல்லிய குரலில் தொடங்கும் பாட்டுக்குப் பெரிய உதவி. வைட்ஃபீல்டு பக்கத்தில் ஜாக்ருதி அரங்கம் உண்டு. பேச்சும் பாட்டுமாக நடத்துவதற்கு தொம்மலூரில் உள்ள பெங்களூர் பன்னாட்டு மையமும், ஜே.பி. நகரில் 2019-இல் திறந்த இந்திய இசை அனுபவ அருங்காட்சியகமும் ஏற்றவை. தமிழ் அவை வேண்டும் என்றால் அல்சூர் ஏரிக்கு அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஓவியத்தோடு பாட்டையும் வைக்க விரும்புபவர்கள் சாந்தி நகரின் 1 சாந்தி ரோடு கலைக்கூடத்தைப் போய்ப் பாருங்கள். படங்களை மட்டும் விற்பதற்கு, கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுத் தொடக்கத்தில் குமார கிருபா சாலையில் நடத்தும் சித்ர சந்தையைப் போல வேறொன்று இங்கில்லை.

மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் பாட அழைத்தால், உரிமம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொழுதுபோக்கு இடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்னும் 2005-ஆம் ஆண்டு ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, நேரடி இசையைப் பல கடைகள் நிறுத்த வேண்டி வந்தது. திறந்தவெளி என்றால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. கப்பன் பூங்கா போன்ற பொது இடங்களில் முன் அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்காதீர்கள்.

மேடையில பாடிக்கிட்டே படமும் வரையலாமா?

செய்யலாம். ஆனால் ஒரே நேரத்தில் செய்வது அரிதாகவே நன்றாக வரும். வண்ணம் தோய்ந்த விரல் கிதார் கம்பியைத் தொட்டால் கம்பியின் ஒலி உடனே மங்கும். கையைத் துடைக்கும் அந்தச் சில நொடிகளில் அவையின் கவனம் போய்விடும். திரையை நோக்கித் திரும்பி வரையும்போது குரல் ஒலிவாங்கியை விட்டு விலகும். அதைத் தவிர்க்கத் தலையில் மாட்டும் ஒலிவாங்கியைப் போட்டால், மூச்சும் தூரிகை உரசலும் அதில் பெரிதாகக் கேட்கும். அந்த உரசலையே தாளமாக எடுத்துக்கொள்ளும் துணிவு இருந்தால் சரி.

எளிதான முறை ஒன்று உண்டு. பல்லவிக்கு முன் மௌனமாக ஒரு கோட்டை மட்டும் வரையுங்கள்; பாடி முடித்து, கடைசி சுருதி அடங்குவதற்குள் அந்தக் கோட்டை உருவமாக்குங்கள். கரித்துண்டு உலர்ந்த பொருள் என்பதால் கருவிக்குக் கெடுதல் குறைவு. நாடகத்தில் நடந்துகொண்டே பாடுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அசைவை மூச்செடுக்கும் இடத்தில் வையுங்கள், நீண்ட ஸ்வரத்தின் நடுவில் வைக்காதீர்கள்.

ஸ்பாட்டிஃபைல பாட்ட எப்படிப் போடுறது? காசு வருமா?

நேரடியாகப் போட முடியாது. ஒரு விநியோக நிறுவனம் வழியாகத்தான் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்குப் பாட்டு போகும். மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) முடிந்த ஒலிக்கோப்பு, 3000-க்கு 3000 பிக்சல் அளவில் சதுர முகப்புப் படம், எழுதியவர் இசையமைத்தவர் பெயர்கள், ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீடு ஆகியவை தேவை. குறியீட்டைப் பெரும்பாலும் விநியோக நிறுவனமே தந்துவிடும். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு தொகுக்கும் பட்டியல்களுக்கு விண்ணப்பிக்க விரும்பினால், வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது 7 நாள் முன்பே செய்தாக வேண்டும்; சில வாரங்கள் முன்பே அனுப்புவது நல்லது.

வருமானத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுத் தொகை தருவதில்லை. ஒலிப்பதிவை ஊர் அறிய ஒரு விலாசமாக வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி, பயிற்சி வகுப்பு, நாடக இசை, ஓவிய விற்பனை ஆகியவற்றிலிருந்து வாழ்க்கைச் செலவைத் தேடுபவர்களே இந்தத் துறையில் நீடித்து நிற்கிறார்கள்.

பதிவு பண்ணாத்தான் பாட்டு என்னோடதாகுமா?

எழுதியதும் உங்களுடையதாகிவிடும், பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு என்று வரும்போது பதிவுச் சான்றிதழ் வலுவான ஆதாரம். இங்கே கவனிக்க வேண்டியது, சட்டத்தின் பார்வையில் ஒரு பாட்டு ஒரே பொருளாக இருப்பதில்லை என்பதே. வரிகள் இலக்கியப் படைப்பு; மெட்டு இசைப் படைப்பு; பதிவுசெய்த ஒலி மூன்றாவது படைப்பு; முகப்பில் நீங்கள் வரைந்த படம் நான்காவது. காணொளி எடுத்தால் அது ஐந்தாவது. அதில் வரும் நடன அமைப்பை எழுதியோ வேறு வகையிலோ நிலைப்படுத்தி வைத்தால் அது ஆறாவது படைப்பாகிறது. பல கலை செய்பவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கீழே வரும் பெரும்பாலான விடைகள் இதிலிருந்து பிறப்பவை.

பதிவுக் கட்டணம் வரிகள், மெட்டு, ஓவியம் ஆகியவற்றுக்குத் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். இணைய வழியில் விண்ணப்பித்தபின் எதிர்ப்புத் தெரிவிக்க 30 நாள் அவகாசம் விடுவார்கள். வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

ஐபிஆர்எஸ்-ல சேரணுமா? விநியோக நிறுவனமே காசு குடுக்குதே?

விநியோக நிறுவனம் தருவது ஒலிப்பதிவுக்கான தொகை. வரிகளுக்கும் மெட்டுக்குமான ராயல்டியை வசூலிப்பது 1969-இல் தொடங்கப்பட்டு மும்பையிலிருந்து இயங்கும் இந்தியப் பாடல் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ். உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிந்தால்தான் அந்தப் பங்கு உங்களைத் தேடி வரும். பாடகர் என்ற முறையிலான உரிமைக்கு வேறொரு சங்கம், இஸாம்ரா, இருக்கிறது. நீங்களே எழுதி, மெட்டமைத்து, பாடி, ஒலிப்பதிவும் செய்பவர் என்றால் நான்கு வருமானப் பாதைகளும் உங்களுக்கே உரியவை. பதியாமல் விட்ட பாதையில் வர வேண்டியது வராமலே போகும்.

பாரதியார் பாட்டுக்கு நானே புதுசா மெட்டுப் போட்டு வெளியிடலாமா?

தாராளமாக. பாரதியாரின் எழுத்துகளுக்கான உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் பெற்றது; பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. சங்கப் பாடல், சித்தர் பாடல், குறள் ஆகியவற்றுக்கும் தடை இல்லை. வரி அனைவருக்கும் பொது. நீங்கள் போட்ட மெட்டும் செய்த ஒலிப்பதிவும் உங்களுடையவை. வேறொருவர் அதே பாட்டுக்குப் போட்ட மெட்டு அவருடையது என்பதால், பிரபலமான மெட்டின் சாயல் தெரியாமல் ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஐபிஆர்எஸ்-இல் பதியும்போது வரிகளைப் பொதுவுடைமை என்றே குறிப்பிட வேண்டும்.

மற்றவர் உரிமையில் இன்னும் இருக்கும் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்து வெளியிடுவது வேறு விஷயம். சட்டத்தின் 31சி பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே, முன்னறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 50,000 படிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே செலுத்திச் செய்யலாம். தனி ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி கேட்பதே வழி.

நான் ஐடி கம்பெனியில வேலை பாக்குறேன். ராத்திரி எழுதுற பாட்டுக்குக் கம்பெனி உரிமை கேக்க முடியுமா?

வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்குத்தான் நிறுவனம் முதல் உரிமையாளர். மென்பொருள் எழுதச் சம்பளம் வாங்குபவர் இரவில் வீட்டில் எழுதிய பாட்டு அதில் அடங்காது. ஆனால் வேலையில் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட பத்திரம் அதைவிட விரிவாக எழுதப்பட்டிருக்கலாம். வெளிவேலை செய்ய எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. எடுத்துப் படியுங்கள். அனுமதி தேவை என்றால் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அலுவலக மடிக்கணினியில் பாட்டைப் பதிவு செய்யாதீர்கள். நிறுவனத்தின் ஆண்டுவிழாவுக்காக அவர்கள் கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்த பாட்டுக்கு இந்த விடை அப்படியே பொருந்தாது. அதை முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாடகக் குழுவுக்குக் காசு வாங்கிட்டு நாலு பாட்டும் போட்டேன், பின்திரையும் வரைஞ்சு குடுத்தேன். ரெண்டும் யாருக்குச் சொந்தம்?

பலரும் வியக்கும் விடை இது. நீங்கள் அந்தக் குழுவின் சம்பள ஊழியர் அல்லர் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை, பாட்டின் வரிகளும் மெட்டும் உங்களுடையவையே. வாய்மொழி ஒப்படைப்புச் செல்லாது. ஆனால் ஓவியத்துக்குச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு விதி வைத்திருக்கிறது: ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஒரே குழு, ஒரே காசோலை, ஒரே கலைஞர். பாட்டு உங்களிடம், பின்திரை அவர்களிடம்.

ஆகவே ஓவிய வேலைக்கு முன் ஒரு பக்கக் கடிதமாவது எழுதிக்கொள்ளுங்கள். "இந்தத் திரையை இந்த நாடகத்தின் நிகழ்ச்சிகளிலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்தலாம், பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும்" என்று இருவரும் கையெழுத்திட்டால் போதும். கட்டணத்தையும் பாட்டுக்கு இவ்வளவு, திரைக்கு இவ்வளவு என்று பிரித்தே எழுதுங்கள். "நீங்கதான் எல்லாம் செய்வீங்களே, சேர்த்து ஒரு தொகை சொல்லுங்க" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கலையை இலவசமாக எதிர்பார்க்கிறார்கள்.

மொத்தமா ஒரு தொகை தர்றோம், எல்லா உரிமையும் எழுதிக் குடுங்கன்னு சொல்றாங்க. குடுக்கலாமா?

தொகை நியாயமாக இருந்து, மனமும் ஒப்பினால் கொடுக்கலாம். ஆனால் முழுவதையும் கொடுத்துவிட முடியாது. 2012 திருத்தத்தின்படி, படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த வரிகளும் மெட்டும் பின்னர் பயன்படும்போது வரும் ராயல்டியில் படைப்பாளிக்குச் சம பங்கு உண்டு. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது மட்டும் இதற்கு விலக்கு. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது.

ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் "என்றென்றைக்கும், உலகெங்கும்" என்ற சொற்கள் அச்சிட்ட படிவங்களில் தவறாமல் இருக்கின்றன. அவற்றை அடித்துவிட்டு ஓர் ஆண்டெண்ணை எழுதிக் கேட்டுப் பாருங்கள். பேச்சுவார்த்தை அங்கேதான் தொடங்குகிறது.

நிகழ்ச்சியில நான் பாடினத அமைப்பாளரே படம் பிடிச்சு யூடியூப்ல போட்டுட்டார். கேள்வி கேக்கலாமா?

கேட்கலாம். பாடகர், நடிகர், நடனக் கலைஞர் ஆகியோருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று 50 ஆண்டுகளுக்கு உண்டு. உங்கள் ஒப்புதல் இல்லாமல் நிகழ்ச்சியைப் பதிவுசெய்து வெளியிடக் கூடாது. மேலே சொன்ன வரி, மெட்டு உரிமைகள் இதோடு கூடுதலாக உண்டு. முதலில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பலர் தெரியாமல்தான் செய்கிறார்கள். அடுத்த முறை அழைப்பை ஏற்கும்போதே கட்டணம், முன்பணம், ஒலிச்சோதனை நேரம் ஆகியவற்றோடு பதிவு பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வேலையை விடாம இதுக்கு யாராவது நிதி குடுப்பாங்களா?

பெங்களூருவிலேயே இருக்கும் இந்தியக் கலை அறக்கட்டளை, அதாவது ஐஎஃப்ஏ, 1993-இல் தொடங்கப்பட்டது. பல கலைகள் கலக்கும் முயற்சிகளுக்கு நல்கை தருவதில் நாட்டில் முக்கியமான அமைப்பு. மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளநிலை, முதுநிலை ஆய்வுநல்கைகளும் உண்டு. விண்ணப்பத்தில் "பாட்டும் ஓவியமும் செய்கிறேன்" என்று எழுதினால் எடுபடாது. இந்தப் பொருளுக்கு ஏன் பாட்டு மட்டும் போதவில்லை, ஓவியம் என்ன செய்யப்போகிறது என்று விளக்க வேண்டும். ஐந்தாவது கேள்விக்கான விடையை உங்கள் பொருளுக்குப் பொருத்தி எழுதினாலே விண்ணப்பத்தின் பாதி முடிந்துவிடும்.

கண்காட்சியில என் ஓவியத்தையும், கையால எழுதின பாட்டுத் தாளையும் ஒருத்தர் வாங்கினார். இப்ப அதை டி-ஷர்ட்ல அச்சடிக்கிறார். வித்தாச்சுன்னா விட்டுடணுமா?

விட வேண்டியதில்லை. அவர் வாங்கியது அந்தச் சட்டகத்தையும் அந்தத் தாளையும் மட்டுமே; எழுத்து மூலம் மாற்றித் தராத வரை படியெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. இது நீங்கள் முன்பே வரைந்து வைத்திருந்த படம், அவர் கேட்டு வரைந்ததில்லை. எனவே நாடகத் திரை பற்றிச் சொன்ன விதி இங்கே வராது. விற்பனைச் சீட்டிலேயே "பதிப்புரிமை கலைஞருடையது" என்று அச்சிட்டுக் கொடுப்பது நல்ல பழக்கம்.

அவர் அந்த மூலப்படத்தை அல்லது கையெழுத்துத் தாளைப் பின்னொரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் வேறொருவருக்கு விற்றால், அந்த விலையில் ஒரு பங்கு கேட்கவும் 53ஏ பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அதன் உச்சவரம்பு 10 விழுக்காடு. ஓவியத்துக்கு மட்டுமன்றி, வரிகளும் மெட்டும் எழுதிய மூலக் கையெழுத்துப் படிக்கும் இது பொருந்தும் என்பதால், அடித்தல் திருத்தலோடு இருக்கும் உங்கள் பாட்டுத் தாள்களை நாள் குறித்துக் கையெழுத்திட்டு வையுங்கள். யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு விற்றீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் ஏற்றி வாருங்கள்.